முதலிடத்துக்குப் பக்கத்து இடம்

ஆகஸ்ட் 18, திங்கள்

சாப்பாட்டு அறை டிவியில் இன்றிலிருந்து பாட்டு கிடையாது. எங்கள் பெயர்கள்தான் ஓடுகின்றன. ஜவுளிக்கடையின் பட்டு மாடியில் நாங்கள் இருபத்திரண்டு பேர். விற்றதை வைத்து முதலாவது ஆள் யார், கடைசி ஆள் யார் என்று தினமும் மாலையில் வரிசை மாறும். ஏறியவருக்குப் பச்சை அம்பு, இறங்கியவருக்குச் சிவப்பு அம்பு. சின்ன முதலாளி பெங்களூரில் ஏதோ வகுப்புக்குப் போய்விட்டு வந்தார் என்று கேள்விப்பட்டபோதே இப்படி ஏதாவது வரும் என்று நினைத்தேன்.

"இனிமே ஒரு பில்லுக்கு ஒரு எண்தான். யாரு வித்தாங்களோ அவங்க எண். உழைக்கிறவங்க மேல வருவாங்க, மத்தவங்க யாருன்னும் தெரிஞ்சுடும்" என்றார். எல்லோரும் கைதட்டினோம். சம்பளம் வாங்குகிறவர்கள் கைதட்டாமல் என்ன செய்வது.

இதுவரை பட்டு மாடியில் ஜோடியாகத்தான் நின்றோம். ஒருவர் புடவையை எடுத்து விரித்துப் பேசுவார். இன்னொருவர் அதைத் தோளில் போட்டுக் காட்டுவார், மடிப்பார், வந்தவர்களின் கண் எந்தப் புடவையில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்வார். பில்லில் இரண்டு பேர் எண்ணும் விழும். என் ஜோடி செவ்வந்திலிங்கம். ஒன்பது வருடமாக அவர் விரிக்கிறார், நான் போட்டுக் காட்டுகிறேன். திருச்சியிலும் சுற்றுப்பட்டிலும் பாதி மணப்பெண்களின் முகூர்த்தப் புடவையை அவர்களுக்கு முன்னால் தோளில் போட்டவள் நான்தான். முப்பத்தாறு வயதில் கல்யாணம் ஆகாதவள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை.

கடைசி இரண்டு இடத்தில் வருகிறவர்கள் தீபாவளி முடிந்ததும் கீழே காட்டன் பிரிவுக்குப் போக வேண்டுமாம். காட்டன் பிரிவு ஒன்றும் பாதாள லோகம் இல்லை. ஒரு மாடி கீழே, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

புளிசாதம் இன்றும் அதிகமாகிவிட்டது. இரண்டாவது டப்பாவில் போட்டு எடுத்துப் போனேன். மிஞ்சியதைக் கொட்டுவது பாவம். செவ்வந்திலிங்கம் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை மகளுக்கு என்று மூடி வைத்துக்கொண்டார். மகள் இனியாள் பத்தாவது படிக்கிறாள். மனைவி இறந்து நாலு வருடம் ஆகிறது. வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான்.

"ஒரு பில் உங்களுக்கு, ஒரு பில் எனக்குன்னு மாத்தி மாத்திப் போட்டுக்குவோம் குழலி. நமக்குள்ள என்ன இருக்கு" என்றார்.

நமக்குள்ள என்ன இருக்கு. அதானே.

மாடியில் உள்ள பெண்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன். நஸ்ரின் ஒரு நாளைக்கு நூறு தடவை "லிங்கம் அண்ணே" என்பாள். எனக்கு மட்டும் அந்த வார்த்தை வாயில் வருவதில்லை. "இங்க பாருங்க", "உங்களைத்தான்", இப்படியே ஒன்பது வருடத்தை ஓட்டிவிட்டேன். அண்ணன் என்று ஒருவன் எனக்கு வீட்டில் இருக்கிறான், அவனே போதும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

முகூர்த்த நாள். காலையிலேயே கூட்டம். பெரம்பலூர்க்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். பெண்ணுக்கு அரக்குச் சிவப்பு பிடித்திருந்தது, மாமியாருக்குப் பச்சை. விரித்துக்கொண்டிருந்த இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கண்ணால் மேல் தட்டைக் காட்டினேன். பச்சை உடலில் அரக்கு பார்டர் போட்டது ஒன்று அங்கே இருந்தது. அவர் அதை எடுத்து விரிக்க, நான் தோளில் போட்டுக்கொண்டேன். "ஜன்னல் பக்கம் திரும்புங்க குழலி, வெளிச்சத்துல பாக்கட்டும்" என்றார். திரும்பினேன். மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் "இது" என்றார்கள்.

இதற்குத்தான் நான் வேலைக்குப் போகிறேன். சம்பளத்துக்கும்தான்.

மாற்றி மாற்றிப் போட்டதில் நாங்கள் ஒன்பதாவது, பத்தாவது. டிவியில் பெயர்கள் அடுத்தடுத்து வந்தன. "கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்குக்கா" என்றாள் பில் போடுகிற ஆரோக்கியமேரி. மேரிக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

செப்டம்பர் 4, வியாழன்

அவர் பத்தொன்பதாவது இடத்துக்கு இறங்கிவிட்டார். பில் பெரிதாக வருவதும் சிறிதாக வருவதும் நம் கையிலா இருக்கிறது. அவர் முறை வரும்போதெல்லாம் "சும்மா பாத்துட்டுப் போறோம்" ஆட்கள் வருகிறார்கள். என் முறைக்கு நகைக்கடைப் பையோடு வருகிறார்கள்.

சாப்பிடும்போது அவர் பாதியிலேயே டப்பாவை மூடிவிட்டார். பிறகு தானாகவே சொன்னார். "காட்டன் பிரிவு ராத்திரி பத்து வரைக்கும். நான் வீடு போய்ச் சேர பத்தரை ஆயிடும். பொம்பளப் புள்ளய அதுவரைக்கும் தனியா விடறதான்னு யோசனையா இருக்கு."

பட்டு மாடியை எட்டரைக்கு மூடிவிடுவார்கள். இது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு வீட்டில் காத்திருக்க யாரும் இல்லை. அண்ணி கதவைத் தாழ் போடாமல் வைத்தால் போதும்.

மத்தியானம் என் முறையில் ஒரு நல்ல பில். மேரி "யார் எண்?" என்றாள். "முப்பத்தொண்ணு" என்று வாய் சொல்லிவிட்டது. அது அவருடைய எண். என்னுடையது முப்பத்திரண்டு. இத்தனை வருடமும் இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டது. முதல் எண் முதலில் வந்துவிட்டது. பழக்க தோஷம்.

செப்டம்பர் 5, வெள்ளி

இன்றும் பழக்க தோஷம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாடி மாடியாக இல்லை. ரங்கராஜன் அண்ணன்தான் எங்களில் மூத்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முந்தியை எப்படிப் பிடித்துக் காட்ட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித் தந்தவர். இப்போது அவர்தான் முதல் இடம். நல்ல புடவைகளை எல்லாம், புடவை விரிக்கிற தன் மெத்தைக்கு அடியில் தள்ளி வைத்துக்கொள்கிறார். மற்றவர்களும் பார்த்தார்கள், ஆளுக்கொரு மெத்தை இருக்கிறதே என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்று லால்குடியிலிருந்து ஒரு அம்மா வந்தார். மயில் கழுத்து நிறத்தில் கத்தரிப்பூ பார்டர் வேண்டும் என்றார். நஸ்ரின் இல்லை என்று சொல்லிவிட்டாள். இருக்கிறது. ரங்கராஜன் அண்ணனின் மெத்தைக்கு அடியில் இருக்கிறது. அது நஸ்ரினுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் கேட்டால் அவர் தர மாட்டார். அவர் எடுத்துக் கொடுத்தால் பில் அவள் பெயரில் போகும். அந்த அம்மா படியிறங்கிப் போய்விட்டார். முன்பெல்லாம் இப்படிக் கேட்டால் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குப் புடவை கை மாறிக் கை மாறி வந்துவிடும். யார் எடுத்தது என்று யாரும் கேட்டதில்லை.

நஸ்ரின் பாத்ரூமில் போய் அழுதாள். என்ன என்று கேட்கப் போனேன். "நீங்க ஒண்ணும் கேக்க வேணாம்க்கா, நீங்க எனக்கு மேல ரெண்டு இடம்" என்றாள். இந்தப் பெண்ணின் நிக்காஹ் புடவையைத் தேர்ந்து கொடுத்தவள் நான்.

விரித்த புடவைகளை மடிக்க ஆள் இல்லை. மடித்தால் யாருக்கும் எண் விழுவதில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஐந்தாம் இடம். என்னுடையது இல்லை, அவருடையது.

ஜாங்கிரி வாங்கி வந்திருந்தார். "நானே எதிர்பாக்கல குழலி. கைராசி திரும்பிருச்சு போல" என்றார். நான் பதினேழு. "உங்களுக்கும் வரும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். ஜாங்கிரி நன்றாக இருந்தது.

மேரி மட்டும் சிரிக்கவில்லை. பில் போடும் இடத்தைக் கடந்து போகும்போது, "எனக்கு எண்ணு நல்லாத் தெரியும்க்கா, பத்தாவதுல கணக்குல தொண்ணூறு" என்றாள். அவளுக்கு இரண்டு ஜாங்கிரி கொடுத்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

புரட்டாசி. முகூர்த்தம் இல்லை. ஐப்பசிக் கல்யாணக்காரர்கள் மட்டும் வந்து போகிறார்கள்.

அவர் மூன்றாம் இடம். தலையை இன்னொரு மாதிரி வாருகிறார். சாப்பாட்டு அறையில் எங்களோடு உட்காருவதில்லை. ஐந்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு மாடிக்கு ஓடுகிறார். டப்பாவை மட்டும் "இனியாளுக்கு" என்று மறக்காமல் எடுத்துக்கொள்கிறார். அதுவரைக்கும் சந்தோஷம்.

இன்று எனக்குப் புத்தி சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இப்பல்லாம் பார்ட்டியை முடிக்கறதில்லை. பாதியிலயே விட்டுடறீங்க. கொஞ்சம் பேசணும் குழலி. இன்னொண்ணு காட்டட்டுமான்னு கேட்டுக்கிட்டே இருக்கணும். நான் அப்படித்தான் மேல வந்தேன்."

சரி என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டேன். முதல் மாடி வரைக்கும்தான் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை.

அவர் மேல் கோபம் இல்லை. ஒருவன் ஒன்பது வருடம் பக்கத்தில் நின்றவளின் முகத்தைப் பார்க்காமல் டிவியைப் பார்த்து அவளைப் பற்றித் தெரிந்துகொள்கிறானே என்றுதான் இருந்தது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கத்தரிக்கோல், டேப், பில் மெஷின், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். மேரிதான் வைத்தாள். டிவிக்கும் வைக்கச் சொன்னார் சின்ன முதலாளி. வைத்தாள், கொஞ்சம் அழுத்தியே வைத்தாள்.

போன வருடம் பொரியை ஒருவர் தலையில் ஒருவர் கொட்டிக்கொண்டு மாடியே ரகளையாக இருந்தது. இந்த வருடம் ஆளுக்கொரு கவரை வாங்கிக்கொண்டு சுவரோரம் நின்றோம்.

பூஜை முடிந்து சாயங்காலமே விளக்கெல்லாம் அணைத்த பிறகு அவர் மெத்தையைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு மாம்பழ மஞ்சளை மடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக மலைக்கோட்டைப் பக்கத்து வெயில் விழுந்தது. வாடிக்கையாளர் யாரும் இல்லை. "அதைப் போட்டுக் காட்டுங்களேன்" என்றார். "யாருக்கு" என்றேன். அவருக்கே தெரியவில்லை. மெத்தையை இன்னும் இரண்டு தட்டுத் தட்டினார். நான் போட்டுக் காட்டவில்லை. போட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்ததிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், போட்டிருக்கலாம்.

அக்டோபர் 6, திங்கள்

சின்ன முதலாளி கூட்டம் போட்டார். காட்டன் பிரிவு இல்லையாம். ஓசூரில் புதுக் கிளை திறக்கிறார்கள். கடைசி இரண்டு பேர் அங்கே போக வேண்டும். எங்கள் மாடி சூப்பர்வைசர் ஓசூருக்கு மேனேஜராகப் போகிறார். அவர் நாற்காலி இங்கே முதலிடம் வருகிறவருக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இதே மாதிரி நடக்கும் என்றார். கடையின் மொத்த விற்பனை போன வருடத்தைவிடக் குறைவு என்று சொல்லிவிட்டு, மழைதான் காரணம் என்றார். இந்த வருடம் எங்கே மழை பெய்தது.

நான் இருபதாவது.

காட்டன் என்றால் ஒரு மாடி இறங்கினால் போதும் என்றுதானே கணக்குப் போட்டேன். ஏதாவது ஒரு சாக்கில் படியேறி வந்துவிட்டுப் போகலாம் என்றிருந்தேன். ஓசூருக்கு எந்தப் படி.

அக்டோபர் 8, புதன்

இன்று மூன்று பில். மூன்றையும் முப்பத்திரண்டு என்று வாயாரச் சொன்னேன். மேரி எழுந்து நின்று கைகுலுக்கினாள்.

அக்டோபர் 11, சனி

பதினாறாவது. பச்சை அம்பு. "பாத்தீங்களா, நான் சொன்ன மாதிரி பேசினீங்க, வந்துட்டீங்க" என்றார். ஆமாம் என்றேன். எனக்கு ஓசூருக்குப் போக விருப்பமில்லை. இந்த மாடியிலேயே, இந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே, இந்த மனிதரிடம் புத்தி கேட்டுக்கொண்டே நின்றால்கூடப் போதும்.

அக்டோபர் 14, செவ்வாய்

தண்ணீர்க் குழாய் அருகில் நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. அவர் இரண்டாவது, ரங்கராஜன் அண்ணன் முதலாவது.

"ரெண்டாவது இடம்னா நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

"இந்தத் தடவை நல்லாருக்கு. மறுபடி ஜனவரியில ஒரு தடவை, பரீட்சை நேரத்துல ஒரு தடவை. பயமா இருக்கு குழலி. அந்த நேரத்துல நான் கடைசியில வந்து, ஓசூர் போன்னு சொன்னா, நடுவுல எந்த ஸ்கூல்ல சேத்துப்பான். சூப்பர்வைசர் ஆயிட்டா இந்தக் கணக்குலயே பேரு வராது. யாரும் அசைக்க முடியாது." பிறகு என்னைப் பார்க்காமலேயே, "தினமும் காலையில எந்திரிக்கும்போதே அந்த டிவிதான் நெனப்புல வருது. இனியாள்கிட்ட எரிஞ்சு விழறேன். நேத்து அடிச்சுட்டேன்" என்றார்.

இவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வந்தவர்கள் நூறு புடவையைக் கலைத்துவிட்டு வெறுங்கையோடு போனாலும் "அடுத்த தடவை வாங்கம்மா" என்று சொல்கிறவர்.

அக்டோபர் 16, வியாழன்

துறையூரிலிருந்து பெரிய இடத்துக் கல்யாணம். மதியம் வந்தவர்கள் சாயங்காலம் வரைக்கும் எடுத்தார்கள். என் முறை. பழைய மாதிரியே இரண்டு பேரும் சேர்ந்து நின்றோம். அவர் கை நீட்டுவதற்கு முன்னால் நான் எடுத்துக் கொடுத்தேன், நான் நினைப்பதற்கு முன்னால் அவர் விரித்தார். ஒரு தடவைகூட வாயைத் திறந்து ஒருவரை ஒருவர் எதுவும் கேட்கவில்லை. முகூர்த்தப் புடவை, மாலை மாற்றும் புடவை, சம்பந்திகளுக்கு, அத்தைமார்களுக்கு என்று மலையாகக் குவிந்தது. இந்த வருடம் மாடியில் விழுந்த பில்களில் இதுதான் பெரியது என்று நினைக்கிறேன்.

"இது உங்க பில். இனிமே ஓசூர் பயம் இல்ல உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, குவிந்ததை மடிக்க உட்கார்ந்தார். எண் விழாத வேலையை அவர் செய்து வெகு நாளாயிற்று.

மேரி பில் போட்டாள். "யார் எண்ணுக்கா?" என்றாள். நான் மடித்துக்கொண்டிருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

யோசித்துத்தான் சொன்னேன். தலை வலிக்கிறது. படுக்கப் போகிறேன்.

அக்டோபர் 17, வெள்ளி

அவர் முதலாவது. நான் பத்தொன்பது.

டிவி முன்னால் நின்றவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நேத்து அவ்வளவு பெரிய பில் போட்டீங்களே, எப்படி இறங்கினீங்க?"

"மத்தவங்க அதைவிடப் பெருசாப் போட்டிருப்பாங்க" என்றேன்.

முகத்தில் ஒரு கேள்வி வந்தது. அதற்குள் நாலு பேர் வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். கேள்வி போய்விட்டது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அண்ணி எடுத்துக் கொடுத்தது சுங்குடிச் சேலை. நன்றாகத்தான் இருக்கிறது. கடையில் நேற்று கடைசி நிமிடம் வரைக்கும் கூட்டம். வாய் என்ன எண் சொன்னதோ, நான் கவனிக்கவில்லை.

அக்டோபர் 25, சனி

புது சூப்பர்வைசர் நாற்காலியில் உட்காராமல் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னிடம் காகிதத்தைக் கொடுப்பதுதான் அவருக்கு முதல் வேலை. நான் இருபத்தொன்று, நஸ்ரின் இருபத்திரண்டு. நஸ்ரின் பட்ட பாடு போதும் என்று நினைத்து, "நான் வரலை" என்று சொல்லி வேலையை விட்டுவிட்டாள். ஓசூருக்கு நான் மட்டும்.

"சின்ன முதலாளிகிட்ட பேசிப் பாத்தேன். எண்ணைக் காட்டுன்னு சொல்றாரு. நான் எதைக் காட்ட?" என்றார். "நான்தான் அப்பவே சொன்னேனே குழலி, கொஞ்சம் கவனமா இருங்கன்னு."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எண்ணை மாற்றிப் போட்டதற்கு இரண்டு பேரையும் வெளியே அனுப்புவார்கள். அனுப்பாவிட்டாலும் இவர் அந்த நாற்காலியில் உட்கார மாட்டார். கையெழுத்துப் போட்டேன். பேனா அவருடையது. திருப்பிக் கொடுக்க மறந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 31, வெள்ளி

கடைசி நாள். இரண்டாவது டப்பாவில் எலுமிச்சை சாதம். மிஞ்சியதில்லை, அதற்காகவே செய்தது. இதை இன்றைக்காவது எழுதிவிடுகிறேன்.

மேரி அழுதாள். "நான் சொல்லிடறேன்க்கா, என் நெஞ்சு தாங்காது" என்றாள். மாதா மேல் சத்தியம் வாங்கினேன். அரை மனதாகச் செய்தாள்.

அவர் வாசல் வரைக்கும் வந்தார். ஏதோ சொல்ல வந்தது போல் இருந்தது. "அங்க குளிரும். ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டீங்களா" என்றார். எடுத்துக்கொண்டேன் என்றேன்.

அண்ணி என் அறையில் தையல் மெஷினை எங்கே போடலாம் என்று அளந்துகொண்டிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

நவம்பர் 5, புதன்

ஓசூர். குளிர்கிறது. வருகிறவர்கள் ஒரு வாக்கியத்தைக் கன்னடத்தில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிக்கிறார்கள். நான் தமிழில் சிரிக்கிறேன். வியாபாரம் ஆகிறது. கடைக்குப் பின்னால் ஒரு வீட்டை எடுத்து எங்கள் நாலு பெண்களைத் தங்க வைத்திருக்கிறார்கள்.

இங்கேயும் ஒரு டிவி வைத்துவிட்டார்கள்.

நவம்பர் 12, புதன்

இங்கே நான் முதல் இடம். யாருக்குச் சொல்வது.

விரிப்பதும் நான், போட்டுக் காட்டுவதும் நான். தோளில் போட்டுக்கொண்டு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்கிறேன். திரும்பச் சொல்ல ஆளில்லை. அந்தக் குரலுக்காக ஏங்குகிறேன். மாடி, ஜன்னல், வேலை என்றெல்லாம் இத்தனை நாள் சொல்லிக்கொண்டது பொய். அந்த மனிதருக்காகத்தான் ஏங்குகிறேன்.

சாயங்காலம் அவர் போன் செய்தார். அலுவலக விஷயம். "அங்க மாம்பழ மஞ்சள்ல சின்ன பார்டர் இருக்கா?" இருக்கிறது என்றேன். அனுப்பச் சொல்லவில்லை. "சாப்டீங்களா" என்றார்.

நவம்பர் 14, வெள்ளி

"அங்க ஊதா இருக்கா?" என்றார். ஊதா எந்தக் கடையில் இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

மேரி போன் செய்தாள். "அக்கா, மாதா என்னை மன்னிக்கட்டும், சொல்லிட்டேன். மாடியில ஒருத்தனுக்கு புத்தி சொல்லிட்டிருந்தாரு, நான் எப்படி மேல வந்தேன் தெரியுமான்னு. என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல."

"என்ன சொன்னாரு?"

"அன்னையிலிருந்து நாலு நாளா அந்த நாற்காலியில உட்காரல. நின்னுக்கிட்டே இருக்காரு."

அதனால்தான் நாலு நாளாகப் போன் வரவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் கடைக்குக் கிளம்பும்போது போன். அவர்தான். எந்த நிறமும் கேட்கவில்லை.

"எத்தனை பில்லுங்க?" என்றார்.

"எண்ணலை."

"நான் உங்களுக்குப் புத்தி வேற சொன்னேன்."

"நல்ல புத்திதான். இங்க உதவுது. நான்தான் ஃபர்ஸ்ட்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ஏன் குழலி?" என்றார்.

அதற்கு நூறு பதில் தயாராக வைத்திருந்தேன். புள்ளயோட படிப்பு, பழக்க தோஷம், எனக்கென்ன குடும்பமா குட்டியா. எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். "உங்க பக்கத்துல நிக்கணும்னு நெனச்சேன். கணக்கு தப்பாப் போச்சு" என்றேன். சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. இன்னொன்று அடித்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

"ஏப்ரல்ல பரீட்சை முடிஞ்சுடும்" என்றார் கடைசியில். "அதுக்கப்புறம் ஓசூருக்கு மாத்தல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கேன். சூப்பர்வைசரா அனுப்ப முடியாது, சேல்ஸ்மேனாத்தான் போகணும்னாரு சின்ன முதலாளி. சரின்னுட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "கிறுக்குப் புடிச்சுடுச்சா உங்களுக்கு? அந்த நாற்காலிக்காக நான் இங்க வந்து குளிர்ல கெடக்கறேன்" என்று கத்தினேன். கூட இருக்கிற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நான் கத்தி முடித்ததும் அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். பிறகு, "இனியாள்கிட்டயும் கேட்டேன்" என்றார். "அது ஒண்ணுதான் கேக்கச் சொல்லுச்சு. பதினொண்ணாவதுல பயாலஜி குரூப் நல்லா இருக்கற ஸ்கூல் அங்க இருக்கான்னு. இருக்கா?"

"இருக்கு" என்றேன். "நல்ல ஸ்கூல். பக்கத்துலயே இருக்கு."

இந்த ஊரில் கடை, தங்கியிருக்கும் வீடு, நடுவில் ஒரு பூக்காரம்மா, இதைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. நாளை திங்கள், எனக்கு வார விடுமுறை. காலையிலேயே கிளம்பிப் போய்த் தேட வேண்டும்.